பழைய மூங்கில் தூண்டில் கோலை இனங்கண்டு காலத்தைக் கணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய மூங்கில் தூண்டில் கோல் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் அதில் எழுதியிருக்கும் பெயரைத்தான் முதலில் தேடுகிறார்கள். என் கருத்தில் அந்தப் பெயரைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். ஒரே தொழிற்சாலையில் செய்த கோல்கள் பத்துப் பதினைந்து கடைப் பெயர்களில் விற்கப்பட்டிருக்கின்றன. ஒட்டுச்சீட்டு உதிர்ந்துபோயிருக்கலாம், பின்னாளில் யாரோ புதிதாக ஒட்டியிருக்கலாம். மூங்கிலையும், பிளாச்சுகளை ஒட்டிய முறையையும், துண்டுகளை இணைக்கும் உலோகக் குழல்களையும் அவ்வளவு எளிதில் மாற்றிவிட முடியாது. ஆகவே இந்த வழிகாட்டி மாற்றக் கடினமானவற்றில் தொடங்கி, எளிதில் மாற்றக்கூடியவற்றை நோக்கிச் செல்கிறது.

ஏறத்தாழ 1870 முதல் 1970 வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செய்யப்பட்ட, பிளந்து ஒட்டிய மூங்கில் கோல்களே இங்கே முதன்மையாகப் பேசப்படுகின்றன. போருக்குப் பிந்தைய ஜப்பானியக் கோல்கள் அடிக்கடி கண்ணில் படுவதால் அவற்றையும் சுருக்கமாகச் சேர்த்திருக்கிறேன்.

தொடங்கும் முன்

கோலைத் துடைக்கவோ மெருகேற்றவோ வேண்டாம். பட்டுநூல் கட்டின் மங்கிய நிறம், வார்னிஷின் கீழே மையால் எழுதிய எண், உலோகத்தில் படிந்த கருமை ஆகிய எல்லாமே சான்றுகள். இரும்புக் கம்பளியால் ஒருமுறை தேய்த்தாலே பாதிச் சான்று போய்விடும். தேவைப்படும் கருவிகள் மிகக் குறைவு: துணி அளவு நாடா, வெர்னியர் காலிபர், பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, சிறு காந்தம், பக்கவாட்டில் ஒளி வீசத்தக்க கைவிளக்கு.

துண்டுகளைப் பிரிக்கும்போது இரு கைகளையும் இணைப்புக்கு அருகில் வைத்து நேராக இழுக்க வேண்டும். முறுக்கினால் மூங்கில் பிளக்கும், அல்லது குழல் பசை விட்டுக் கழன்றுவிடும். வராத இணைப்பை இடுக்கி கொண்டு பிடுங்குவதைவிட அப்படியே விட்டுவிட்டு ஆய்வைத் தொடர்வது நல்லது.

முதல் படி: கோல் எதனால் ஆனது?

பழைய கோல்கள் எல்லாம் பிளந்த மூங்கிலால் ஆனவை அல்ல. கிரீன்ஹார்ட், லான்ஸ்வுட் போன்ற மரங்களில் கடைந்த கோல்கள் உருண்டையாகவும் கனமாகவும் இருக்கும், கணு இருக்காது. முழு மூங்கிலைப் பிளக்காமல் பயன்படுத்திய கோலில் கணுக்கள் வளையம்போலச் சுற்றிலும் தெரியும். பிரிட்டனில் ஆறு, குளங்களில் மிதவையிட்டு மீன் பிடிப்பதற்கான பல கோல்களில் அடித்துண்டு முழு மூங்கிலாகவும் நுனித்துண்டு பிளந்த மூங்கிலாகவும் இருப்பதுண்டு. இந்தக் கலப்பைக் கண்டு யாரோ இரண்டு கோல்களைச் சேர்த்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பிளந்த மூங்கில் கோலின் குறுக்குவெட்டு பெரும்பாலும் அறுகோணம். முக்கோண வடிவில் சீவிய ஆறு பிளாச்சுகளை, வெளித்தோல் புறத்தே இருக்கும்படி ஒட்டியிருப்பார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரத்துத் துப்பாக்கித் தொழிலாளி சாமுவேல் பிலிப் 1840-களில் மூங்கிலைப் பிளந்து ஒட்டி நுனித்துண்டுகளைச் செய்தார். வணிக அளவில் ஆறு பிளாச்சுக் கோலை நிலைநிறுத்தியவர் மெய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரில் தொழில் நடத்திய ஹைரம் லெனார்ட். பிளாச்சுகளைச் சாய்வாக அறுக்கும் இயந்திரம் அவருக்குக் கைகொடுத்தது.

பிளாச்சுகளின் எண்ணிக்கை ஆறு இல்லையென்றால் தேடல் சட்டென்று சுருங்கிவிடும். நான்கு பிளாச்சுச் சதுரக் கோல் என்றால் எட்வர்ட்ஸ் குடும்பத்தின் ‘குவாட்ரேட்’ முதலில் நினைவுக்கு வரவேண்டும். ஐந்து என்றால் நாட் உஸ்லான் என்ற கோல் தயாரிப்பாளர். எட்டுப் பிளாச்சு, அல்லது திருகுபோல முறுக்கி ஒட்டிய கோல் என்றால் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரைச் சேர்ந்த ஃப்ரெட் டிவைன். கோலின் நடுவில் காந்தம் இலேசாக ஒட்டினால் உள்ளே எஃகு மையம் இருக்கிறது. அது பிரிட்டனின் ஹார்டி நிறுவனம் செய்த ஒருவகைக் கோலாக இருக்க வாய்ப்புண்டு.

இரண்டாம் படி: மூங்கிலின் இனமும் நிறமும்

19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் பயன்பட்டது கல்கத்தாத் துறைமுகம் வழியாக வந்த இந்திய மூங்கில். அதன் மேல்தோலில் ஒழுங்கற்ற தீச்சுட்ட கறைகள், கரும்பழுப்புத் திட்டுகளாகத் தெரியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘டோங்கின்’ மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. டோங்கின் என்பது வட வியட்நாமின் பழைய பெயர் என்றாலும் அது விளைவது தென்சீனத்தின் குவாங்டாங் மாகாணத்தில். கணுக்களுக்கிடையே நீளம் கூடுதல். நார் அடர்த்தி மிகுதி. மேல்தோலில் சுட்ட கறை இராது. ஆகவே உண்மையான கல்கத்தா மூங்கிலாக இருந்தால் கோல் பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முந்தையது.

இதில் ஒரு பொறி உண்டு. தீயால் வாட்டிப் பழுப்பு நிறமேற்றுவதும், புள்ளி புள்ளியாகச் சுடுவதும் டோங்கின் மூங்கிலிலும் அழகுக்காகச் செய்யப்பட்டன. செயற்கைச் சூடு ஒரே சீரான இடைவெளியில், ஆறு முகங்களிலும் ஒன்றுபோலத் தொடரும். பிளப்பதற்கு முன்பே மூங்கிலில் விழுந்த இயற்கைக் கறையோ ஒரு பிளாச்சில் தொடங்கி அடுத்ததில் அறுந்துபோகும், ஏனெனில் அடுத்தடுத்த பிளாச்சுகளின் கணுக்கள் ஒரே இடத்தில் வராதபடி அவற்றை முன்பின்னாக நகர்த்தித்தான் ஒட்டுவார்கள். இந்த நகர்த்தலையும் கவனியுங்கள். நல்ல பட்டறைகள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கைக் கடைப்பிடித்தன; மலிவுக் கோல்களில் கணுக்கள் கண்டபடி விழுந்திருக்கும்.

மேற்பரப்பில் வார்னிஷ் படலமே இல்லாமல், மெருகிட்ட பழுப்பு மூங்கில் நேரடியாகத் தெரிகிறதா? அது பேக்லைட் என்ற செயற்கைப் பிசினை உள்ளே ஊறச் செய்த கோலாக இருக்கலாம். வெர்மான்ட் மாநிலத்தின் மான்செஸ்டரில் 1856 முதல் இயங்கிவரும் ஆர்விஸ் நிறுவனத்தில் வெஸ் ஜோர்டன் இம்முறையை 1940-களில் உருவாக்கினார். பிரிட்டனில் அபர்டீன் நகரத்து ஷார்ப் நிறுவனமும் பிசின் ஊறிய கோல்களைப் பெருமளவில் செய்தது. இரண்டுமே இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பொருட்கள்.

கோல் எந்தக் காலத்துக்குப் பிந்தியிருக்க முடியாது என்ற மேல் எல்லைக்கும் ஒரு குறி உண்டு. 1950-இன் இறுதியில் அமெரிக்கா சீனாவுடனான வணிகத்துக்குத் தடை விதித்தது. அது 1971-இல்தான் நீங்கியது. மூங்கிலைக் கையிருப்பில் வைத்திருந்த சிறு பட்டறைகள் தாக்குப்பிடித்தன. மலிவுக் கோல்களைச் செய்த பெரிய தொழிற்சாலைகளோ, ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்த ஃபைபர்கிளாஸுக்கு மாறின. ஆகவே அமெரிக்காவில் செய்த சாதாரண மூங்கில் கோல் 1950-களின் நடுப்பகுதியைத் தாண்டியதாக இருப்பது அரிது.

மூன்றாம் படி: இணைப்புக் குழல்கள்

ஒரு பகுதியை மட்டும் பார்த்துக் காலத்தைக் கணிக்கச் சொன்னால் நான் இணைப்புக் குழல்களையே தேர்ந்தெடுப்பேன். மூங்கிலோடு அளவு பொருந்த வேண்டியிருப்பதால் அவற்றை மாற்றுவது எளிதன்று. காலத்துக்குக் காலம் அவற்றின் வடிவமும் தெளிவாக மாறியிருக்கிறது.

முதலில் உலோகம். பித்தளையின் மீது நிக்கல் முலாம் பூசிய குழலில், உராயும் விளிம்புகளில் மஞ்சள் நிறம் வெளிப்பட்டிருக்கும். ஜெர்மன் சில்வர் எனப்படும் கலப்பு உலோகம் முழுவதும் ஒரே நிறம். பழகப் பழக மங்கிய சாம்பல் நிறத்துக்கு வரும். அமெரிக்கக் கோல்களில் ஜெர்மன் சில்வர் பெரும்பாலும் உயர்தரத்தின் அடையாளம். பிரிட்டனில் மிக நல்ல கோல்களிலும் பித்தளையோ, கருமையேற்றிய வெண்கல நிறக் குழலோ இயல்பாகக் காணப்படும். அமெரிக்க அளவுகோலை அங்கே பொருத்தினால் தவறாகிவிடும்.

அடுத்து வடிவம். மற்றதற்குள் நுழையும் ஆண் குழலின் முனையில் கூம்பான முளை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது 19ஆம் நூற்றாண்டு வழக்கம். பிரிட்டனில் சற்றுப் பிற்காலம் வரையிலும் நீடித்தது. மூங்கிலோடு குழல் சேரும் விளிம்பு நேர்வட்டமாக வெட்டப்பட்டிருந்தால் வளையும்போது அந்த இடத்தில்தான் கோல் முறியும். அதைத் தவிர்க்கவே லெனார்ட் விளிம்பைக் கீறிப் பல இதழ்களாக்கி, மேலே பட்டுநூல் சுற்றினார். அவருடைய குழல்களில் 1875, 1878 ஆகிய காப்புரிமை ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருக்கும். காப்புரிமை ஆண்டு, கோல் அதற்கு முந்தியிருக்க முடியாது என்ற கீழ் எல்லையை மட்டுமே தரும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 1878 என்று பொறித்த கோலை அந்த ஆண்டிலேயே செய்ததாகக் கருதுவது இத்துறையில் மிகப் பரவலான பிழை. லூயி ஃபயராபெண்ட் வடிவமைத்த ‘சூப்பர் இசட்’ குழல் இருந்தால் கோல் 1940-களுக்கு முன் போகாது, குழல் பின்னாளில் மாற்றப்பட்டிருந்தாலன்றி.

உலோக இணைப்பே இல்லாமல், சாய்வாகச் சீவிய இரு முனைகளைச் சேர்த்து நாடாவால் கட்டும் கோல்களும் உண்டு. இவற்றைப் பார்த்தவுடன் மிகப் பழையவை என்று தோன்றும். ஆனால் சால்மன் மீனுக்கான நீண்ட கோல்களில் இம்முறை போருக்குப் பின்னும் தொடர்ந்தது; ஷார்ப் நிறுவனமும் அப்படிச் செய்தது.

நான்காம் படி: கைப்பிடியும் ரீல் தாங்கியும்

பிரம்பு நாரைச் சுற்றிய கைப்பிடி 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளைக் காட்டும். அதற்குப் பின் மரத்தின் மேல் மெல்லிய தக்கைத் தகட்டைச் சுற்றியவையும், தக்கை வளையங்களை அடுக்கிக் கடைந்தவையும் வந்தன. கயிறு சுற்றும் ரீலைப் பிடிக்கும் அமைப்பில் வழுக்கு வளையம் பழையது. திருகி இறுக்கும் அமைப்பு 1920-களுக்குப் பின் பரவியது. ஆனால் இலகுவான கோல்களில் வழுக்கு வளையம் என்றுமே மறையவில்லை என்பதால், திருகு இருந்தால் அது சான்று, இல்லாவிட்டால் சான்றில்லை. பேக்லைட் தாங்கி 1930-களையும், நிறமேற்றிய அலுமினியம் போருக்குப் பிந்தைய காலத்தையும் சுட்டும்.

ரீல் கைப்பிடிக்குக் கீழே அமைந்தால் அது செயற்கை ஈ கொண்டு மீன் பிடிக்கும் கோல். ரீல் கைப்பிடியின் நடுவில் அமைந்து, கயிறு ஓடும் முதல் வளையம் மிகப் பெரிதாக இருந்தால் சுழலாத உருளை கொண்ட ரீலுக்கானது. அத்தகைய ரீலுக்கு பிரிட்டனில் இல்லிங்வொர்த் 1905-லேயே காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் அது பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே.

ஐந்தாம் படி: வளையங்களும் நூல் கட்டுகளும்

மிகப் பழைய கோல்களில் சிறு வளையங்கள் தளர்வாகத் தொங்கிக்கொண்டிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாம்புபோல நெளிந்த ஒற்றைக் கம்பி வளையம் அவற்றின் இடத்தைப் பிடித்து, இன்றளவும் நீடிக்கிறது. கைப்பிடிக்கு மேலே வரும் முதல் வளையத்தில் அகேட் கல் பதிப்பது 20ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது நாற்பது ஆண்டுகளில் பெருவழக்கு. வளையங்கள் தேயும், உடையும். அதனால் அவற்றைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

நூல் கட்டுகள் இன்னும் நுட்பமானவை. வச்சிரப் பசையால் ஒட்டிய காலத்தில் ஈரம் பட்டால் பிளாச்சுகள் விட்டுப்போகும் என்பதால், வளையங்கள் இல்லாத இடங்களிலும் குறுகிய இடைவெளியில் நூல் கட்டினார்கள். நீரைத் தாங்கும் செயற்கைப் பிசின்கள் 1930-களிலும் 40-களிலும் வந்தபின் அத்தேவை நீங்கியது. ஆகவே நெருக்கமான இடைக்கட்டுகள் பழமையின் அறிகுறி. ஆனால் மலிவுக் கோல் செய்தவர்கள் பழைய தோற்றத்துக்காக அவற்றைப் பிற்காலத்திலும் தொடர்ந்தார்கள். நூல் பட்டா நைலானா என்பதும் உதவும்: நைலான் 1938-இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

ஆறாம் படி: பழுது பார்த்ததைப் பிரித்தறிதல்

பலர் தாண்டிச் செல்லும் படி இது. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும் படியும் இதுதான். நைலான் கட்டு 1900-ஆம் ஆண்டுக் கோலிலும் இருக்கலாம், யாராவது மறுபடி கட்டியிருந்தால்.

கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து மூங்கிலின் நிறத்தைப் பாருங்கள். கட்டு இருந்த இடத்தில் வெயில் படாததால் மூங்கில் வெளிறியிருக்கும். இன்றைய கட்டுக்கு அருகே வெளிறிய பட்டை ஒன்று தனியாகத் தெரிந்தால் வளையம் இடம் மாறியிருக்கிறது. மூங்கிலின் அறுகோண விளிம்புகள் மழுங்கியிருந்தால் பழைய வார்னிஷைச் சுரண்டியிருக்கிறார்கள். சுரண்டியவர்கள் மையெழுத்தையும் அழித்திருப்பார்கள். எழுத்து இருந்தால் அது வார்னிஷுக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள்.

பிறகு அளவெடுங்கள். கைப்பிடி தனியே கழலும் கோல்களைத் தவிர, ஒரு கோலின் துண்டுகள் ஏறத்தாழ ஒரே நீளமாக இருக்க வேண்டும். நுனித்துண்டு இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் அது முறிந்து, முனை வளையம் மறுபடி பொருத்தப்பட்டது. மொத்த நீளத்தைக் கணக்கிடும்போது ஒன்றுக்குள் ஒன்று புகும் குழல் நீளத்தைக் கழித்துவிடுங்கள். பெரும்பாலான கோல்கள் முழு அடியிலோ அரை அடியிலோ முடியும். எட்டு அடி ஒன்பதரை அங்குலம் என்று வந்தால் எங்கோ குறைந்திருக்கிறது. மூன்று துண்டுக் கோல்களுடன் இரண்டு நுனிகள் தருவது வழக்கமாக இருந்தது. நுனிகளில் ஒன்று மற்றதைவிடக் கறையில்லாமல் புதிதாக இருப்பது குற்றமல்ல. உரிமையாளர் ஒன்றையே பயன்படுத்தி மற்றதைச் சேமித்திருக்கலாம்.

ஏழாம் படி: எண்கள், எழுத்துகள், பெயர்கள்

இப்போதுதான் பெயருக்கு வருகிறோம். அடிமுனை மூடி, ரீல் தாங்கியின் உலோகம், கைப்பிடிக்கு மேலுள்ள மூங்கில் முகம் ஆகிய மூன்று இடங்களிலும் தேடுங்கள். மங்கிய பொறிப்பின் மேல் மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் எழுத்து எழும்பி வரும்.

எண்கள் பலவகை. அமெரிக்கக் காப்புரிமை எண் பத்து இலட்சத்தை எட்டியது 1911-இல், இருபது இலட்சத்தை 1935-இல், முப்பது இலட்சத்தை 1961-இல். பிரிட்டனில் 1915 வரை ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்கியது. 1916 முதல் 1,00,001-இல் தொடங்கித் தொடர் எண்ணானது. பதிவு செய்த வடிவமைப்புக்கான எண் அங்கே 1884-இல் தொடங்கியது; அதற்கு முன் 1842 முதல் வைர வடிவ முத்திரை இருந்தது. ஏற்றுமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தால் அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டத்துக்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தூண்டில் கயிற்றின் தடிமனைக் குறிக்கும் எழுத்துகள் அரிய துணை. எச்-டி-எச், எச்-சி-எச் போன்ற மூன்றெழுத்துக் குறியீட்டில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு விட்டம்: ஏ என்றால் 0.060 அங்குலம், அடுத்தடுத்த எழுத்துக்கு 0.005 அங்குலம் குறையும். 1960-களின் தொடக்கத்தில் எடை அடிப்படையிலான எண்முறை இதன் இடத்தைப் பிடித்தது. ஆகவே எழுத்துக் குறி இருந்தால் அதற்கு முந்தைய கோல். 5, 6 என்ற எண் மட்டும் இருந்தால் பிந்தையது, அல்லது பின்னாளில் யாரோ எழுதியது. டென்வர் நகரத்துக் கிரேஞ்சர் கோல்களில் 9050 போன்ற எண் வரும்: ஒன்பது அடி நீளம், ஐந்து அவுன்ஸ் எடை. அந்த நிறுவனம் 1946-இல் ரைட் அண்டு மெக்கில் நிறுவனத்தின் கைக்குப் போனதால், அப்பெயரும் சேர்ந்திருந்தால் கோல் போருக்குப் பிந்தையது.

ஊர்ப் பெயரும் காலம் சொல்லும். லெனார்டின் பெயருடன் பாங்கர் என்றிருந்தால் 1881-க்கு முந்தையது. அவ்வாண்டில் பட்டறை நியூயார்க் மாநிலத்தின் சென்ட்ரல் வேலிக்கு மாறியது. ஆனால் ஊரை மட்டும் வைத்து முடிவுக்கு வரவேண்டாம், ஏனெனில் லெனார்டிடம் தொழில் பழகிய எஃப். இ. தாமஸும் பின்னாளில் பாங்கரிலிருந்தே கோல் விற்றார். தாமஸ், எட்வர்ட்ஸ், பெய்ன் எல்லோரும் அதே பட்டறையில் வளர்ந்தவர்கள் என்பதால் அவர்களுடைய பழைய கோல்கள் ஒன்றையொன்று உரித்துவைத்தாற்போல இருக்கும்.

பிரிட்டனில் அல்னிக் ஊரின் ஹார்டி நிறுவனம் 1872-இல் தொடங்கியது. அதன் பிளந்த மூங்கில் கோல்களில் ‘பாலகோனா’ என்ற வணிகப் பெயரும், எழுத்தோடு கூடிய தொடர் எண்ணும் இருக்கும். அந்த எண்ணைச் சேகரிப்பாளர்கள் தொகுத்த அட்டவணைகளோடும் நிறுவனத்தின் பழைய விலைப்பட்டியல்களோடும் ஒப்பிட்டால் பெரும்பாலும் ஆண்டே தெரிந்துவிடும். அரச ஆதரவு வாசகத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயர் வந்தால் 1910-க்கு முன் போகாது. ஈலிங் பகுதியின் பி. ஜேம்ஸ் நிறுவனம் செய்த ‘மார்க் 4’ கெண்டைக் கோலின் புகழுக்குக் காரணம், ரிச்சர்ட் வாக்கர் 1952 செப்டம்பரில் ரெட்மயர் குளத்தில் பிடித்த 44 பவுண்டுக் கெண்டை. அதன் பின் அந்த வடிவத்தைப் பல பட்டறைகள் பின்பற்றின என்பதால் தோற்றத்தை மட்டும் நம்பி பி. ஜேம்ஸ் என்று சொல்லிவிடக் கூடாது.

பெயரே இல்லாத அமெரிக்கக் கோல் என்றால், அது மான்டேக், ஹொராக்ஸ்-இபட்சன், சவுத் பெண்ட் ஆகிய மூன்று நிறுவனங்களில் ஒன்றினுடையதாக இருக்கும் வாய்ப்பே மிகுதி. இவை பெருமளவில் செய்து பல கடைப் பெயர்களில் விற்றன. குழல், ரீல் தாங்கி, கைப்பிடி வடிவம் ஆகியவற்றைப் பெயருள்ள கோல்களோடு ஒப்பிட்டே அவற்றைப் பிரிக்க முடியும். அரிய கோல் கிடைத்துவிட்டது என்று நம்ப விரும்பும் மனம் இந்த இடத்தில் தடுமாறும்.

மரப்பெட்டியில் பல துண்டுகளும், பளிச்சென்ற பலநிற நூல் கட்டுகளும், இரண்டு வகை ரீலுக்கும் பொருந்தும் கைப்பிடியும் இருந்தால் அது ஜப்பானிய ஏற்றுமதித் தொகுப்பு. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்ற முத்திரை இருந்தால் 1952-க்குள் செய்தது. வெறும் ‘ஜப்பான்’ என்றால் பெரும்பாலும் அதற்குப் பின்.

எட்டாம் படி: காலத்தை எழுதுதல்

மூலப் பகுதிகள் எவை, மாற்றியவை எவை என்று இரண்டு பட்டியல் போடுங்கள். மூலப் பகுதிகளில் மிகப் புதியது எதுவோ அதுவே கோலின் கீழ் எல்லை. மிகச் சீக்கிரம் வழக்கொழிந்தது எதுவோ அது மேல் எல்லையைக் காட்டும்.

எடுத்துக்காட்டாக, ஒன்பது அடியில் மூன்று துண்டும் இரு நுனியும் கொண்ட, பெயரில்லாத அமெரிக்கக் கோல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கறையற்ற டோங்கின் மூங்கில். நிக்கல் முலாம் பூசிய பித்தளைக் குழல். திருகு ரீல் தாங்கி. அகேட் முதல் வளையம். நெருக்கமான இடைக்கட்டுகள், பட்டுநூல். ஒரு நுனியில் மட்டும் நைலான் கட்டு, அந்த நுனி மூன்று அங்குலம் குட்டை. திருகுத் தாங்கி கோலை 1920-களுக்கு இப்பால் கொண்டுவருகிறது; அகேட் வளையமும் பட்டுநூலும் அதை 1940-க்கு அப்பால் போகவிடாமல் இழுக்கின்றன; முலாம் பூசிய குழல் அதைத் தொழிற்சாலைக் கோல்களின் வரிசையில் வைக்கிறது. நைலான் கட்டு போருக்குப் பின் நடந்த பழுதுக்குச் சொந்தமானது, கோலின் பிறப்புக்கு அன்று. இந்தக் கோலுக்கு எழுத வேண்டிய குறிப்பு இவ்வளவுதான்: ‘அமெரிக்கத் தொழிற்சாலைக் கோல், சுமார் 1925–1940, ஒரு நுனி முறிந்து 1945-க்குப் பின் பழுது பார்த்தது, செய்தவர் பெயர் குழல் ஒப்பீட்டுக்குப் பின்.’